டெல்மர் கஸ்டிஸின் பிழையற்ற ஆண்டு

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து ஒரு தவறும் செய்யாமல் வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் தொட்டிலைத் தாண்டாதவர்கள். மிச்சமிருப்போரில், நாள்வாரியாக அச்சேறிய ஆதாரத்தோடும் ஆயிரக்கணக்கான சாட்சிகளோடும் தன் மாசற்ற தன்மையை நிரூபித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரே. அவர் ஒஹையோ மாநிலம் வேக்ஃபோர்டு நகரத்து பேஸ்பால் அணியில் இடது வெளிக்களத்தில் நின்ற டெல்மர் கஸ்டிஸ்.

"நின்ற" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.

1983ஆம் ஆண்டுக்கான அவருடைய புள்ளிவிவரம் இது. ஆடிய ஆட்டங்கள் நூற்று நாற்பத்தெட்டு. பிடித்த பந்துகள் நூற்று அறுபத்து மூன்று. மட்டையடி சராசரி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆகவே சொல்லாமல் விடுகிறேன். பிழைகள்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்காக நகர மேயர் ஒரு நாளையே "பிழையற்ற நாள்" என்று அறிவித்தார். அன்று தபால் நிலையத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஊரில் அதுவரை அதிகப் பிழை நடந்த இடம் அதுதான்.

அணியின் பெயர் ஹெரன்ஸ், அதாவது கொக்குகள். சட்டையின் மார்பில் ஒரு நீலக் கொக்கு இருக்கும். எதிரணி ஊர்க்காரர்கள் கேலி செய்தால் வேக்ஃபோர்டு ரசிகர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மூன்றாம் வரிசையில் எப்போதும் உட்காரும் குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர், "வேக்ஃபோர்டுன்னா கொக்கா?" என்று மார்தட்டுவார். பக்கத்தில் இருப்பவர் இடது களத்தைச் சுட்டிக்காட்டி, "ஆமாங்க, கொக்குதான். ஒத்தக் கால்ல எப்படி நிக்குது பாருங்க" என்பார்.

ஆனால் டெல்மர் பிறக்கும்போதே பிழையற்றவராகப் பிறக்கவில்லை. 1978இல் அவர் ஒரு பைத்தியக்காரர். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்துவிடுவார். தன் இடம், அடுத்தவன் இடம் என்று பார்க்க மாட்டார். பாய்வார், உருளுவார், புல்லில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்து கையுறையைத் திறந்து காட்டுவார். உள்ளே பந்து இருக்கும். சில நேரம் இருக்காது. அந்த ஆகஸ்டில் அணியின் பந்துவீச்சாளர் ஓரின் டேபர் வீசிய பந்து ஒன்றை எதிரணிக்காரர் உயரத் தூக்கி அடித்தார். டெல்மர் அதைத் துரத்திக்கொண்டு போய்ச் சுவரில் மோதினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பந்து கையுறையிலேயே இருந்தது. ஓரின் முள் வைத்த ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆம்புலன்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி வரை அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இருவரும் அன்றிலிருந்து வெளியூர்ப் பயணங்களில் ஒரே அறைவாசிகள்.

நவம்பரில் நிர்வாகக் கூட்டம் கூடியது. கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட தாளில் டெல்மரின் பெயருக்கு நேரே "பிழைகள்: 14" என்றிருந்தது. லீக்கிலேயே அதிகம். வேறு எவனும் கிட்டேகூடப் போயிருக்க முடியாத பந்துகளை அவர் எத்தனை பிடித்தார் என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைக் கூட்டம் விவாதிப்பதில்லை. டெல்மரை அயோவாவிலுள்ள கீழ்மட்ட அணிக்கு அனுப்பினார்கள். தோளில் கட்டோடு போனார்.

அங்கே ஒன்பது மணி நேர பஸ் பயணம், சோளக்காட்டு நடுவே மைதானம். ஒரு சனிக்கிழமை அவர் முப்பது கஜம் ஓடிப் பாய்ந்து ஒரு பந்தைத் தொட்டார். கையுறை நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. மறுநாள் சாப்பிட்ட பீன்ஸ் குழம்பு வயிற்றைக் கலக்கியதால் ஓடவே முடியவில்லை. பத்தடி தள்ளிச் சாதுவாக வந்து விழுந்த பந்தை நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஒரு சிற்றுண்டிக் கடையில் முட்டையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் பத்திரிகைகளையும் விரித்துப் பார்த்தார். ஓடிப் பாய்ந்த பந்துக்கு: "பிழை, கஸ்டிஸ்". நின்று பார்த்த பந்துக்கு: மட்டையடித்தவன் பெயரில் ஒரு ஹிட், அதாவது வெற்றியடி. கஸ்டிஸ் என்ற பெயரே இல்லை.

இரண்டு பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். முட்டை ஆறிப்போயிற்று. தொட்டால்தான் குற்றம். தொடாத பந்து அடித்தவனின் திறமை. போனால் போகிறது, வீசியவனின் தலையெழுத்து.

தமிழில் பிழைத்தல் என்றால் தவறுவது என்றும் பொருள், உயிரோடிருப்பது என்றும் பொருள். டெல்மருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பதை அயோவாவின் சிற்றுண்டிக் கடையில், யார் உதவியும் இல்லாமல், கண்டுபிடித்துவிட்டார்.

அவரைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் அவருடைய கலையை அறியாதவர்கள். பந்தை விடுவது எளிது. விட்டது தெரியாமல் விடுவதற்குப் பயிற்சி வேண்டும். அரை விநாடி தாமதமாகக் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு வெகு வேகமாக ஓட வேண்டும், ஆனால் சற்று வளைந்து ஓட வேண்டும். கடைசி இரண்டு அடியில் பந்துக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி, அது ஒருமுறை எகிறியதும் அழகாகப் பிடித்து, சரியான இடத்துக்கு எறிய வேண்டும். பிறகு சூரியனை முறைத்துப் பார்த்துப் புல்லை ஒரு உதை உதைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் விடியற்காலையில் தனியாக ஒத்திகை பார்த்தார். இரண்டரை வருடத்தில் வேக்ஃபோர்டு அவரைத் திரும்ப அழைத்தது. அந்த வருடம் மூன்று பிழை. அடுத்த வருடம் ஒன்று. வானொலி வர்ணனையாளர்கள் அவருடைய "நிதானத்தை" வியந்தார்கள். அணி மட்டும் வருடா வருடம் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை.

1983 தொடக்கத்தில் ஹாலிஸ் கிரீல் அணியை வாங்கினார். கிரீலுக்குக் கதவுக் கீல் தொழிற்சாலை இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் "பூஜ்யப் பிழை" என்றொரு இயக்கம் கொள்ளைநோய்போலப் பரவியிருந்தது. சிகாகோவிலிருந்து ஒரு நிபுணர் மூன்று விளக்கப்படங்களோடு வந்து, பிழை செய்யக் கூடாது என்று தீர்மானித்துவிட்டால் பிழை வராது என்று விளக்கிவிட்டுப் போயிருந்தார். கிரீல் அதில் மயங்கிக் கிடந்தார். அணி கடைசி இடத்துக்கு வந்த ஜூன் மாதத்தில் அவசரக் கூட்டம் கூட்டி, புள்ளிவிவரத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழாக அவர் கண் ஓடி, ஒரு பூஜ்யத்தில் போய் நின்றது.

"இத்தனை பேர் தப்புப் பண்ற எடத்துல ஒருத்தர் மட்டும் எப்படிப்பா தப்பே பண்ணாம இருக்கார்?" என்று கேட்டார்.

ஆட்டக்குழு மானேஜர் முட்ரோவுக்குப் பதில் தெரியும். ஆனால் அவருக்கு ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்தது. "ரொம்பக் கவனமான ஆளு சார்" என்று மட்டும் சொன்னார்.

ஒரே வாரத்தில் டெல்மரின் ஆளுயர அட்டைப் படம் தொழிற்சாலை வாசலில் நின்றது. அசலுக்கும் அட்டைக்கும் வெளிக்களத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அவரையே அழைத்துவந்து தொழிலாளர்கள் முன் பேசவும் வைத்தார்கள். கவனம், நிதானம், பொறுப்பு என்று மூன்றே வார்த்தைகளை வைத்துக்கொண்டு டெல்மர் கால் மணி நேரம் பேசினார். கேள்வி உண்டா என்று கிரீல் கேட்டபோது, அழுத்தும் இயந்திரத்தில் இருபது வருடமாக வேலை செய்யும் ஹேசல் டிங்லி எழுந்தாள்.

"மிஸ்டர் கஸ்டிஸ், நீங்க பிடிக்காத பந்து எங்க போகும்?"

"சுவர்ப் பக்கம் போகும்மா."

"அப்புறம் அதை யாரு எடுப்பாங்க?"

"நடுக்களத்துல லெராய்னு ஒருத்தர் இருக்கார். அவர் ஓடி வந்து எடுப்பார்."

"அப்ப எங்களுக்கும் ஒரு லெராய் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஹேசல் உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை, அவள் நகைச்சுவையாகச் சொல்லவும் இல்லை. ஜூலையில் அவளுடைய பிரிவில் ஒரு கீல்கூடக் கோணலாக வரவில்லை. வழக்கத்தில் பாதிக் கீல்களே வந்தன என்பது வேறு விஷயம். பிரிவுக்கு நற்சான்றிதழ் கிடைத்தது.

லெராய் பெட்டிகோர்டு இருபத்தாறு வயது ஆள். நடுக்களம் அவருடையது, இடது களத்தில் பாதியும் டெல்மரின் நிதானத்தால் அவருடையதாகியிருந்தது. அவர் ஓடினார். விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்து எப்போதும் ஒரு கட்டோடு திரிந்தார். ஆகஸ்டுக்குள் அவர் கணக்கில் பன்னிரண்டு பிழைகள் ஏறின. அதில் ஒன்பது, இடது களத்தில் டெல்மர் "மரியாதை கொடுத்த" பந்துகள். பூஜ்யப் பிழை இயக்கம் அவரை விட்டுவைக்கவில்லை. அயோவாவுக்கு அனுப்பினார்கள்.

லெராய் பெட்டி கட்டும்போது டெல்மர் பக்கத்தில் இருந்தார். லெராய்க்கு அவர்மேல் கோபமில்லை. இடது மூலைச் சுவரடியில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, அங்கே பந்து வழுக்கிக்கொண்டு போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். டெல்மரின் காது மடல் சுட்டது. அயோவாவில் தான் கற்ற ரகசியத்தை இந்த ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், இதுவரை செய்துகொண்டிருந்தது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"அங்க பீன்ஸ் குழம்பு மட்டும் சாப்பிடாத" என்றார்.

ஓரின் டேபருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினாறு வருடம் பந்து வீசிய இடது தோள் தேய்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வருடத்தோடு அவரை விடுவிப்பதாக நிர்வாகம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டது. காரணம், அவர் விட்டுக்கொடுக்கும் ஹிட்டுகள் அதிகரித்துவிட்டன. வெளியூரில் ஒரு நாள், காலைச் சாப்பாட்டு மேஜையில், காப்பியைக் கலக்கிக்கொண்டே அவர் கேட்டார்.

"நேத்து ஆறாவது இன்னிங்ஸ்ல ஒரு பந்து வந்துச்சே டெல்மர். அது உனக்கு எட்டாதா?"

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சுடா."

"நேத்து மேகமா இருந்துச்சு."

டெல்மர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். ஒரு பக்கம் தடவி முடித்து, திருப்பி, மறு பக்கமும் தடவினார். ஓரின் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். டெல்மரின் மனசாட்சிக்கு அதுதான் பெரிய இடைஞ்சலாக இருந்தது. திட்டியிருந்தால் இவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு பகல் ஆட்டம், வருடத்தின் கடைசி ஆட்டம். ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்ததும் டெல்மருக்குப் பாராட்டு விழா. பித்தளைத் தகட்டில் பூஜ்யத்தை முந்தைய வாரமே பொறித்து வைத்துவிட்டார்கள். அன்று பந்து வீசியது ஓரின். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். கென்டக்கியிலிருந்து அவருடைய மனைவி நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தேய்ந்த தோளிலிருந்து ஓரின் அன்று வீசியது எல்லாம் சொன்ன இடத்துக்குப் போனது. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது எதிரணி ஒரு ஹிட்டும் அடிக்கவில்லை. ஏழு முடிந்தபோதும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முடிப்பது ஒரு பந்துவீச்சாளரின் வாழ்க்கையில் ஒருமுறை வந்தால் பெரிது. பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. அப்படி ஒருவர் வீசிக்கொண்டிருக்கும்போது கண்ணேறு பட்டுவிடுமென்று சக வீரர்கள் அவரோடு பேச மாட்டார்கள். ஓரின் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதே காரணத்துக்காக டெல்மரோடும் யாரும் பேசவில்லை. அவர் மறு கோடியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் பதினைந்து பேர் முன்னே பார்த்தபடி சூயிங்கம் மென்றார்கள்.

எட்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மானேஜர் முட்ரோ ஒரு காரியம் செய்யப் பார்த்தார். டெல்மரை உட்கார வைத்துவிட்டு, ஓடக்கூடிய ஒருவரை இடது களத்துக்கு அனுப்பலாம் என்று எழுந்தார். பெஞ்சுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசி அடித்தது. மேலே கண்ணாடி அறையிலிருந்து கிரீல். கடைசிப் பந்து விழும்போது டெல்மர் களத்தில் இருக்க வேண்டும், புகைப்படக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றார். முட்ரோ உட்கார்ந்துவிட்டார். சொன்னேனே, இன்னும் இரண்டு வருடம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். வேக்ஃபோர்டு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர்தான். அரங்கத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஓரின் வீசினார். மட்டையின் நுனியில் பட்ட பந்து தாழ்வாக, இடது களத்தை நோக்கிச் சரிந்துகொண்டு வந்தது.

டெல்மரின் கால்கள் அவரைக் கேட்கவில்லை. அரை விநாடித் தாமதம் இல்லை, வளைவு இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தப் பைத்தியக்காரரின் கால்கள் அவை. பந்து விழப்போகும் இடத்துக்கு நேர்கோடாகப் பாய்ந்து ஓடின. மார்பில் காற்று மோதியது. பாய்ந்தால் கையுறை பந்துக்கு எட்டும் என்று அவருக்குத் தெரிந்தது. இதில் சந்தேகம் வேண்டாம். பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டது.

பந்து கையில் நிற்குமா என்பதுதான் தெரியவில்லை.

நின்றால் ஓரினுக்கு அது வாழ்நாள் ஆட்டம். நிற்காமல், கையுறையில் பட்டுக் கீழே விழுந்தாலும் ஓரினுக்கு நஷ்டமில்லை. அது ஹிட் ஆகாது, பிழை, கஸ்டிஸ். ஹிட்டா பிழையா என்று தீர்மானித்து மேலே குறிப்பெழுதும் ஃபிட்ச், கையுறை உரசினாலே போதும் பிழை என்று எழுதிவிடுவோம் என்ற முடிவோடு பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாராம். ஆக, பந்தைத் தொட்டால் போதும். இந்த விதியை டெல்மரைவிட நன்றாகக் கற்றவர் அமெரிக்காவில் இல்லை. ஏழு தப்படி ஓடுவதற்குள் இத்தனையும் அவர் மனதில் ஓடிவிட்டது. கூடவே பித்தளைத் தகடும் ஓடியது.

எட்டாவது தப்படியில் அவர் பந்துக்கு மரியாதை கொடுத்தார்.

அது புல்லில் விழுந்து ஒருமுறை எகிறியது. டெல்மர் அழகாகப் பிடித்து, இம்மி பிசகாமல் இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பலகையில் எதிரணியின் ஹிட் கட்டத்தில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது. அரங்கத்தில் எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஓரின் வீசும் மேட்டில் நின்று இடது களத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்தவரை மூன்றே பந்தில் அவுட்டாக்கினார். ஹெரன்ஸ் வென்றது.

விழா சிறப்பாக நடந்தது. மனிதன் மனம் வைத்தால் தவறுக்கு இடமில்லை என்பதை டெல்மர் உலகத்துக்குக் காட்டிவிட்டார் என்று கிரீல் பேசினார். அடுத்த வருடத்திலிருந்து அணியின் வெளிக்கள வீரர்கள் அனைவருக்கும் டெல்மரே பயிற்சி அளிப்பார் என்றும் அறிவித்தார். பித்தளைத் தகடு கிரீலின் சொந்தக் கீல்கள் பூட்டிய மரச்சட்டத்தில் இருந்தது. புத்தகம்போலத் திறந்து மூடலாம். டெல்மர் நன்றி என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கினார். வருடத்திலேயே அவர் வேகமாக நடந்தது அப்போதுதான் என்று மூன்றாம் வரிசையில் யாரோ சொன்னார்கள்.

உடை மாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் ஓரினைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடைசிப் பந்தை கஸ்டிஸ் பிடித்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தன் அலமாரி முன் முதுகைக் காட்டி நின்ற டெல்மருக்கு, ஓரின் இப்போதாவது திட்டிவிட வேண்டும் என்றிருந்தது.

ஓரின் ஐஸ் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவன் ஒரு பிழையும் பண்ணல. அப்படியே எழுதிக்குங்க" என்றார்.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அறை காலியானது. டெல்மர் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தகட்டை நீட்டினார். ஓரின் அதை வாங்கி, கீலைத் திறந்து, பொறித்திருந்ததை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணுடா டெல்மர்" என்றார். "வருஷம் பூரா ஒரே ஒரு பிழை. அதைக்கூடவா எனக்காகப் பண்ண முடியல?"